கழுத்தைத் தாழ்த்திய குதிரை

மலாயாவில் வெள்ளைக்காரன் பட்டாளத்துக்கும் காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்கும் சண்டை நடந்த அவசரகால வருஷங்கள் அவை. மலாக்கா டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். சுற்றிலும் முள்வேலி. பொழுது சாய்ந்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். என் கணவர் தோட்டத்தை நடத்திய தொரையின் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். அதற்குப் புல் அறுத்துப் போடுவது என் வேலை.

ஒருநாள் காலை, தோட்டத்தின் அடுத்த டிவிஷனுக்குக் குதிரையைக் கொண்டுவரச் சொல்லித் தொரை ஆள் அனுப்பினார். என் கணவர் ஏறிப் போனார். பாதி வழியில் ரோட்டின் இரண்டு பக்கமிருந்தும் சுட்டுக்கொண்டார்கள். காட்டுக்குள் இருந்தவர்களின் குண்டா, பட்டாளத்தின் குண்டா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரைத் துணியில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள். குதிரை முன்னாலேயே தனியாக ஓடி வந்துவிட்டது. அதன் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

அதுதான் என் நாத்தனாருக்குத் தாங்கவில்லை. தாய் இல்லாத தம்பியை வளர்த்தவர் அவர். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த அதே லயத்தில்தான் எங்களோடு இருந்தார். "என் தம்பிய விட்டுட்டு ஓடி வந்த குதிரை. அதுக்கா நீ புல் அறுக்கிற?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு தொரை இரும்புத் தகடு அடித்த காரில்தான் வெளியே போனார். குதிரையைத் தண்ணி வண்டியில் பூட்டினார்கள். அது பழைய குதிரையாக இல்லை. தலையை எப்போதும் மேலே தூக்கியே வைத்திருக்கும். கழுத்து பலகை மாதிரி விறைத்திருக்கும். வாளி விழுந்தால்கூட வண்டியோடு பாயும். ஓட்டிய இரண்டு பேருக்கும் அடி. சேணம் உரசி அதன் தோளிலும் புண். சுட்டுவிடலாம் என்று தொரை சொல்லிவிட்டதாகத் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி என்னிடம் சொன்னார். யோசிக்காமலே, "நான் பழக்கிப் பாக்குறேங்கய்யா" என்றேன்.

தைரியம் ஒன்றும் இல்லை. அவருடைய கடைசி நேரத்தில் கூட இருந்தது அந்த வாயில்லாத ஜீவன் ஒன்றுதான். அதையும் மண்ணில் போட மனசு வரவில்லை.

வண்டி இல்லாமல், கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் சும்மா நடத்தினேன். முதலில் நானும் மற்றவர்கள் மாதிரிதான் இறுக்கிப் பிடித்தேன். நான் இழுக்க இழுக்க அது தலையைத் தூக்கியது. ஒரு மத்தியானம் அழுது களைத்துப் போயிருந்தேன். கையில் பிடியே இல்லை. பெருமூச்சு விட்டபடி கயிற்றைத் தளர விட்டேன். குதிரையின் காது என் பக்கம் திரும்பியது. தலை ஒரு சாண் இறங்கியது. அப்போதுதான் புரிந்தது, நான் விறைத்தால் அதுவும் விறைக்கிறது.

அன்றிலிருந்து, அது கொஞ்சம் தலையைத் தாழ்த்தினால் நானும் கொஞ்சம் கயிறு விட்டுக்கொடுப்பேன். தூக்கினால் கோபிக்காமல் ஒரு வட்டம் சுற்றி வருவேன். பிறகு காலி வண்டி, அப்புறம் பாதித் தண்ணீர். லயத்துக்கு ஏறும் மேட்டில் ஒருநாள் அது கழுத்தை முன்னால் நீட்டி, முதுகை இளக்கி, வெறும் வாயை மென்றபடி வண்டியை இழுத்தது. மேடேறியதும் நீளமாக ஒரு மூச்சு விட்டது. நானும் விட்டேன். அவர் போன பிறகு என் தோள் இறங்கியது அன்றைக்குத்தான்.

நாத்தனார் அதை வாசலிலிருந்து பார்த்திருக்கிறார். சாயங்காலம் கொட்டகைக்கு வந்தார். உள்ளே வராமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவன் விழுந்தப்போ இது கொஞ்ச நேரமாவது நின்னிருக்குமா புள்ள?"

"நின்னிருக்கும்க்கா."

எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்? அவர் திரும்பிப் போய்விட்டார். மறுநாள் அரிசி கழுவிய தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து வைத்திருந்தார், குதிரைக்கு.

அடுத்த வருஷம் லயத்துக்குக் குழாய் வந்தது. தண்ணி வண்டிக்கு வேலை இல்லாமல் போனது. மலாக்கா டவுன் பக்கம் தெங்கேராவில் சுமை வண்டி ஓட்டும் ஒருவருக்குக் குதிரையை விற்றுவிட்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. அது தோட்டத்துக் குதிரை.

கூட்டிப் போக லோரி வந்தது. ஏறுவதற்குச் சாய்த்து வைத்த பலகையைப் பார்த்ததும் குதிரை பழையபடி தலையைத் தூக்கி நடுங்கியது. நாலு பேர் இழுத்தும் நகரவில்லை. ஒருவர் கம்பை எடுத்தார். கிராணி என்னைப் பார்த்து மெதுவாக, "நீ கூப்பிட்டா வரும்மா" என்றார்.

கம்படி படுவதைப் பார்க்க முடியாமல் கயிற்றை வாங்கினேன். தளர விட்டேன். மூச்சை விட்டேன். அது என்னைப் பார்த்தது. மெல்லக் கழுத்தைத் தாழ்த்தி, பலகையை முகர்ந்து, என் பின்னாலேயே ஏறியது. நான் கழுத்தைத் தடவிவிட்டு இறங்கினேன். பின்கதவை மூடினார்கள். லோரி கேட்டைத் தாண்டும் வரை அது கத்தவே இல்லை. திரும்பிப் பார்த்தேன், என் நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

பிறகு அது என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. பயந்து போன ஒரு உயிர் நம்மை நம்பித் தலை தாழ்த்தினால், கடைசி வரை அதன் கூடவே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அப்படி இருக்க விடாத வாழ்க்கை எனக்கு வாய்த்ததுதான் இந்த வயதிலும் ஆறாமல் இருக்கிறது.