சதுக்கத்தில் எங்களுக்காக விரித்த கதிரைகள்

ரொறன்ரோ மல்வேர்னில் உள்ள எங்கள் தமிழ் முதியோர் சங்கத்தில் செவ்வாய்தோறும் பெரிய திரையில் நாடகம் போடுவார்கள். இந்த வசந்தத்தில் போட்டது அமெரிக்க அடிமைகளைப் பற்றிய எட்டுப் பகுதித் தொலைக்காட்சி நாடகம். தாயிடமிருந்து பிள்ளையைப் பறித்து விற்கும் கட்டத்தில் மண்டபமே அழுதது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். நூலகத்தில் அகராதியோடு குந்தியிருந்து படித்துப் பார்த்தேன். இந்த ரொறன்ரோவிலும் ஒரு காலம் அடிமைகளை வைத்திருந்திருக்கிறார்கள்.

அதே மாதம், என் பக்கத்துவீட்டு மார்சியாவின் மகனை ஒரு கடையின் காவலாளிகள் கள்ளன் என்று நிலத்தில் அமுக்கித் தோளை முறித்தார்கள். அவன் செய்த குற்றம் கறுப்பனாக இருந்தது மட்டும். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு நகர மையச் சதுக்கத்தில் கண்டனக் கூட்டம் என்றார்கள். முன்பு இலங்கைப் போரின்போது எங்கள் சனத்துக்காக நாங்கள் தெருவில் இறங்கிப் போராடிய நாட்களில் தேத்தண்ணி கொண்டுவந்து எங்களோடு இருந்தவர் மார்சியா. நாற்பது தமிழரோடு வருவேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். சங்கத்தில் நாற்பத்துமூன்று பேர் பெயர் எழுதினார்கள். பயணம் என்றால் எங்கே என்று கேட்காமலே பெயர் எழுதுவது எங்கள் சங்க வழக்கம். அதை நான் யோசிக்கவில்லை.

காலை பத்து மணிக்கு பஸ் தரிப்பில் நின்றேன். வந்தவர் சங்கத்து நவரத்தினம் ஒருவர்தான். அதுவும் என்னை மறிக்க.

"அண்ணை, நயாகரா எண்டெல்லோ சனம் பேர் குடுத்தது. ஆர்ப்பாட்டமெண்டால் ஆர் வருவினம்?"

"நான் சொல்லித்தானே எழுதினனான். நாடகம் பாத்து நீரும் அழுதனீர்."

"அது அந்தக் காலத்து ஆக்கள், பாவங்கள். இப்ப உள்ளவை வேறை."

"அழேக்கை மட்டும் ஒரே ஆக்களோ?"

"கத்தாதேங்கோ. முழங்காலும் நோகுது."

"நயாகராவுக்கு நோகாத முழங்கால்!"

10.20 பஸ்ஸில் தனியாக ஏறினேன். கெனடி ஸ்ரேசனில் சப்வே எடுத்து, புளோரில் தெற்கே போகும் ரெயினுக்கு மாறி, 11.40க்கு இறங்கினேன். ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். முதியோர் கட்டணம் அட்டையில் இரண்டு டொலர் இருபத்தைந்து சதம்.

மார்சியா தன் தேவாலயத்திலிருந்து நாற்பது மடக்குக் கதிரைகளைக் கொண்டுவந்து முன்னால் விரித்திருந்தார். 'தமிழ் முதியோர்' என்று தாளில் எழுதி ஒட்டியும் இருந்தது. மற்றவர்கள் அடுத்த ரெயினிலா என்று கேட்டார். வரமாட்டார்கள் என்றேன். தலையை ஆட்டிவிட்டு மேடைப்பக்கம் போய்விட்டார்.

தாளைப் பார்த்துவிட்டு வேறு யாரும் அவற்றில் குந்தவில்லை. நானே கிழித்தேன். அப்படியும் எல்லோரும் பின்னாலேயே நின்றார்கள். கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டபடி மார்சியாவின் பிள்ளை பேசியது என்னையும் முப்பத்தொன்பது வெறும் கதிரைகளையும் பார்த்துத்தான்.

அழுகையை நம்பி ஆள் சேர்க்கக் கூடாது. எழுபத்துநான்கு வயதில் இதைத்தான் கற்றேன். இது மாறும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. போக நினைப்பவர்கள் கெனடியிலேயே கழிப்பறைக்குப் போய்விடுங்கள். தண்ணீரும் தொப்பியும் வேண்டும், சதுக்கத்தில் நிழல் இல்லை. வரமுடியாதவரின் பெயரை எழுதாதீர்கள்.

மார்சியா இன்றும் காலையில் வணக்கம் சொல்கிறார், சுகம் கேட்கிறார். அடுத்த கூட்டம் வரும் சனிக்கிழமை என்பதை, மின்கம்பத்தில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துத்தான் அறிந்தேன்.