இல்லாத கேட்

எங்கள் ஸ்டேஷனின் பெயரைச் சொல்ல மாட்டேன். தாம்பரத்துக்குப் பக்கம், அவ்வளவு போதும். மீட்டர் கேஜ் காலத்தில் இங்கே ஒரு லெவல் கிராசிங் இருந்தது. அதை மூடிச் சுவர் எழுப்பிப் பல வருடம் ஆகிறது. ஆனால் ஷேர் ஆட்டோக்காரரும் பால்காரரும் இன்றும் அந்த இடத்தை ‘கேட்’ என்றுதான் சொல்கிறார்கள். என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வழி சொன்னபோது அப்பாவும் அதையே சொன்னார். கேட்டைத் தாண்டினால் மூன்றாவது வீடு.

ஞாயிறு நாலு மணிக்கு ஏழு பேர் பழத்தட்டோடு வேனில் வந்து சுவருக்கு முன்னால் இறங்கினார்கள். அவர்கள் நின்றது கிழக்கே, எங்கள் வீடு மேற்கே. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பூ வைக்க முடியாவிட்டால் திரும்பிவிடுவோம் என்று பையனின் அம்மா போனில் கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கு வந்ததில் வேலையை விடச் சொல்லாத ஒரே வரன் இதுதான்.

வேனில் சுற்றி வந்தால் முக்கால் மணி நேரம். ஸ்டேஷன் பாலத்தில் ஏறி வரச் சொன்னார் அப்பா. பாதிப் பாலத்தில் டிக்கெட் பரிசோதகர் ஏழு பேரையும் பிடித்துக்கொண்டார். பாலத்துக்கும் பிளாட்பாரம் டிக்கெட் வேண்டுமாம். கவுண்டர் மேற்கே மட்டும்தான். டிக்கெட் எடுக்கப் பாலத்தைத் தாண்ட வேண்டும். பாலத்தைத் தாண்ட டிக்கெட் வேண்டும். எந்தப் புத்திசாலியின் யோசனையோ.

அப்பா போனில் கத்திக்கொண்டிருந்தார். நான் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். வரிசையில் நின்று டிக்கெட் எடுத்துப் பாலம் ஏறியபோது மணி நாலு இருபத்தாறு.

பரிசோதகர் டிக்கெட்டுகளை எண்ணினார். “ஏழு பேருக்கு எட்டு எதுக்குமா?”

“ஒண்ணு எனக்கு சார்.”

“நீங்க யாரு?”

“இவங்க பாக்க வந்த பொண்ணு.”

கீழே மின்சார ரயில் வந்து நின்றது. இறங்கிய கூட்டம் எங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போனது. வீட்டுக்கு இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று பையனின் அம்மா கேட்டார். ஏழு நிமிஷம் என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

“உனக்கு சரியாடா?”

“டிக்கெட்டே எடுத்துட்டாங்க. இன்னும் என்னம்மா?”

என்னை யாரும் கேட்கவில்லை. அது எரிச்சல்தான். கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

“தலையக் குனிமா,” என்றார் அந்த அம்மா.

ஓரமாக நின்று வைக்கும்படி பரிசோதகர் சொன்னார். வழியை மறிக்கிறோமாம்.

மூச்சு வாங்க அப்பா மேலே வந்தபோது என் தலையில் பூ இருந்தது. அவரிடம் டிக்கெட் இல்லை.