போடாத கையெழுத்துக்குச் சாட்சி கேட்கப்பட்டவர்

செவ்வாய்க்கிழமை காலை வாயில் பிரஷ்ஷோடு போனை எடுத்தேன். "அத்தான் போயிட்டாருடா" என்றாள் அக்கா. அழுகைக்கு நடுவில் அவளே, "அந்த ஆபீஸ்லேருந்து நேத்துகூட லெட்டர் வந்துது. நேர்ல வரணுமாம்" என்றாள்.

காட்டூர் கலியமூர்த்தி அத்தானை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் வாழ்நாளில் செய்த ஒரே குற்றம், தலைப்பிள்ளையாகப் பிறந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? அப்பா வீடு ஸ்ரீரங்கம், அம்மா வீடு காரைக்கால். காரைக்காலில் அன்று பறந்தது பிரெஞ்சுக்கொடி. வளைகாப்பு முடிந்து பஸ் ஏறிய அந்த அம்மாள், ஒரு சாம்ராஜ்யத்துக்குள் நுழைகிறோம் என்று தெரியாமல் ஊறுகாய் ஜாடியோடு நுழைந்தார். மூன்றாம் மாதம் பிள்ளையோடு திரும்பினார். பிறகு பிறந்த நால்வரும் ஸ்ரீரங்கம். மூத்தவர் மட்டும் பிரான்ஸ்!

பின்னால் காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கையெழுத்திடலாம் என்றார்கள். அந்த ஆறு மாதமும் அத்தான் ஸ்ரீரங்கத்தில் கோலி ஆடிக்கொண்டிருந்தார்.

அப்புறம் திருவெறும்பூர் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் வெல்டர். அவர் பற்றவைத்த குழாய்களை வரிசையாக வைத்தால் சந்திரனுக்குப் போய் டீ குடித்துவிட்டு வரலாம். கேன்டீனில் "வாங்க துரை" என்பார்கள். "துரைக்கு ரெண்டு மெதுவடை சொல்லுங்கய்யா" என்பார். அவரிடம் வேலை வாங்கியவர்களும் ஓட்டு வாங்கியவர்களும் எங்கே பிறந்தீர்கள் என்று கேட்டதில்லை.

சிங்கப்பூரிலிருக்கும் மகள் உண்டானாள். பயணம் கூடாதென்றார் டாக்டர். "அவ வர முடியாட்டி என்ன, தாய்வீடு அவகிட்ட போகும்" என்று அத்தான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார். அக்காவுக்குப் பாஸ்போர்ட் வந்தது. அத்தானுக்கு விசாரணை வந்தது.

நானும் கூடப் போனேன். அலுவலகத்தின் பெயரை எழுதி இந்தத் தாளை அழுக்காக்க மாட்டேன். அங்கே ஓர் அதிகாரி. மலைக்கோட்டைப் பிள்ளையாரே இறங்கி வந்து நின்றாலும், "கைலாசம் எந்த நாட்டுல வருது?" என்று கேட்கக்கூடிய மகாமேதை.

"நீங்க பிறந்தப்ப அது பிரான்ஸ். எப்ப இந்தியரா மாறினீங்க?"

"நான் மாறலீங்க. ஊருதான் மாறிச்சு."

"பிரெஞ்சு பேப்பர்ல நீங்களோ உங்கப்பாவோ கையெழுத்துப் போடலைன்னு என்ன அத்தாட்சி?"

"போடாத கையெழுத்தை எங்கேருந்துங்க எடுத்துட்டு வர்றது? எங்கப்பா என் ப்ராக்ரஸ் கார்டுலயே போட்டதில்லை. அதையும் நான்தான் போட்டேன்."

நான் சிரித்தேன். அதிகாரி அதையும் குறித்துக்கொண்டார்.

அதன்பின் இரண்டு வருடம். அத்தானின் ஃபைல் கொழுத்த கொழுப்புக்கு, காவிரியில் போட்டால் இன்னொரு கல்லணை. அக்கா தனியாகவே போய்ப் பேறுகாலம் பார்த்துவிட்டு வந்தாள். அத்தான் பேத்தியைப் போனில்தான் பார்த்தார். "தாத்தா வரேன்டா கண்ணு, ஒரு கையெழுத்துத்தான் பாக்கி" என்பார். நாடாளும் அறிவாளிகளுக்குக் கடைசிவரை அந்த ஒரு கையெழுத்து வரவில்லை.

செவ்வாய் மாலை மகள் வந்து இறங்கினாள். தோளில், பிறந்த ஊர் சிங்கப்பூர் என்று எழுதிய இந்தியப் பாஸ்போர்ட்டோடு பேத்தி. அவளை இரண்டே நிமிடத்தில் உள்ளே விட்டார்களாம்.

அந்த லெட்டரையும் அவரோடு வைத்து எரிக்கலாம் என்றேன். அக்கா பிடுங்கிக்கொண்டாள். "பதில் போடலைன்னா அத்தான் மேல தப்பாயிடும்டா."

ஓயாமரி சுடுகாட்டில் ஒருவர் நோட்டை விரித்து, பேர், வயசு, வீடு எங்கே என்று கேட்டு எழுதி மூடினார். எனக்குத் தாங்கவில்லை.

"எங்க பிறந்தாருன்னு கேக்கலீங்களா?"

"அது எதுக்குங்க இங்க?"

அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

போய் வாருங்கள் அத்தான். அடுத்த தடவை, வளைகாப்பு முடிந்து உங்கள் அம்மா பஸ் ஏறக் கிளம்பினால், உள்ளேயிருந்தே ஓர் உதை விடுங்கள்.