எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்குக் கட்டம் இல்லை

பள்ளியில் அவளை எல்லோரும் 'கூட்டு டீச்சர்' என்றுதான் சொல்வார்கள். படிப்பு ஏறாத பிள்ளைகளை மாடிப்படிக்கு அடியிலுள்ள சின்ன அறையில் உட்கார வைத்து, எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழக்குவது அவள் வேலை. அறைக்கு ஒரு ஜன்னல், ஒரு மின்விசிறி. விசிறி சுற்றுவதும் சுற்றாததும் அதன் இஷ்டம்.

பத்தொன்பது வருஷ வேலையில் அவள் நாலு சீர்திருத்தங்களைப் பார்த்துவிட்டாள். முதலில் மதிப்பெண் போட்டார்கள். அது பிள்ளைகளைப் பயமுறுத்துகிறது என்று நட்சத்திரம் கொடுக்கச் சொன்னார்கள். நட்சத்திரம் போய் வண்ண அட்டைகள் வந்தன. அவற்றைச் சுவரில் ஒட்டி முடிப்பதற்குள் கழற்றச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு தடவையும் மூன்று நாள் பயிற்சி, ஒரு தடித்த கோப்பு, ஒரு குரூப் போட்டோ. பிள்ளைகளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்றால், அதற்கு மட்டும் அவர்களுக்கு நேரமில்லை.

இப்போது வந்திருப்பது செல்போன் செயலி. அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டே கட்டம்: 'படிக்கிறார்', 'படிக்கவில்லை'. தத்தித் தத்திக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கு எதுவும் கிடையாது. ஒரு பள்ளியில் 'படிக்கவில்லை' ஐந்துக்குக் கீழே போனால் கூட்டு வகுப்பை மூடிவிடுவார்கள். டீச்சரை வேறு பள்ளிக்குத் தூக்கிப் போடுவார்கள்.

போன வருஷம் பழைய பள்ளியில் அவள் இதில்தான் மாட்டிக்கொண்டாள். ஒரு பிள்ளை முதல்முதலாக ஒரு வரியைக் கூட்டிப் படித்த சந்தோஷத்தில், யோசிக்காமல் 'படிக்கிறார்' என்று தட்டிவிட்டாள். எண்ணிக்கை நாலானது. மறு வாரமே அறையைப் பூட்டினார்கள். மாற்றித் தரச் சொல்லி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள்.

"ஏத்துனதை இறக்க முடியாதும்மா. புள்ளைங்க முன்னாலதான் போகணும், பின்னால போகக் கூடாதுன்னு வச்சிருக்காங்க" என்றார் அங்கிருந்த எழுத்தர்.

பிள்ளைகளோ பெரிய வகுப்பின் கடைசி பெஞ்சுக்குப் போனார்கள். வரி படித்த பிள்ளையும் மூன்றே மாதத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டாள்.

இந்தப் பள்ளியிலும் சரியாக ஐந்து பேர். இன்று பதிவுக்குக் கடைசி நாள். நாலு பேரைப் படிக்க வைத்துப் பார்த்தாயிற்று. எழுத்து தெரிகிறது, சேர்க்கத்தான் வரவில்லை. ஐந்தாவதாக, எல்லோரும் வாயாடி என்று கூப்பிடும் பெண் வந்தாள். எட்டு வயசு. வகுப்பில் யார் வீட்டில் என்ன சண்டை என்பது வரை அவளுக்கு அத்துப்படி. புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வாய் ஒட்டிக்கொள்ளும்.

டீச்சர் ஓர் அட்டையை நீட்டினாள்.

"ம... ழை. மழை. வ... ந்... வந்... வந்தது." வாயாடி நிமிர்ந்தாள். "மழை வந்தது. நெஜமாவே அதான் போட்டிருக்கா டீச்சர்?"

"அதேதான் கண்ணு."

தலைமையாசிரியர் வாசலில் தலையை நீட்டினார். "என்ன மேடம், எல்லாம் தேறிடுச்சா? தேறுனா நம்ம ஸ்கூல் பேரு மேல வரும்."

"தேறலைன்னா சார்?"

"எனக்கு மெமோ வரும். பாத்துப் போடுங்க." போய்விட்டார்.

அவள் போனையே வெறித்தாள். உண்மையைத் தட்டினால் நாலு பேர் நடுத்தெருவில் நிற்பார்கள். வாயாடியும்தான், இரண்டு சொல் படித்தவளுக்கு இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கிறது. பொய்யைத் தட்டினால், இந்தக் குழந்தை இவ்வளவு பாடுபட்டதற்கு அர்த்தம் என்ன? இதைக் கண்டுபிடித்த மகராசன் ஒரே ஒரு நாள் இங்கே வந்து உட்கார்ந்திருக்கலாம். பத்தொன்பது வருஷத்தில் அவள் பொய்ப் பதிவு போட்டதில்லை. தட்டிவிட்டாள்.

வாயாடி அவள் தோள் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்க வந்துவிட்ட ருசியில், கண்ணில் பட்டதையெல்லாம் படிக்க வேண்டும் அவளுக்கு. திரையில் தன் பெயருக்கு நேரே இருந்ததன் மேல் விரலை வைத்தாள்.

"ப... டி... படி... க்... க... படிக்க... வி... ல்... லை." மூச்சு வாங்கிக்கொண்டு சேர்த்துச் சொன்னாள். "படிக்கவில்லை."

தப்பில்லாமல் படித்திருந்தாள். டீச்சரின் முகத்தைப் பார்த்தாள்.

"யாரு டீச்சர், நானா?"