இல்ஃபோர்ட் கடையில் என் ஊர் வரைபடம்

லண்டனின் இல்ஃபோர்ட், 2009. மளிகைக் கடைச் சுவரில், நான் எட்டு வருடமாகக் குடியிருக்கும் அமெரிக்கக் கல்லூரி ஊரின் வரைபடம் தொங்குகிறது. அங்கே படிக்கும் மகள் தொலைபேசியில் சொல்லச் சொல்லக் கடைக்காரரே வரைந்ததாம். நானும் அந்த ஊர்தான் என்றதும் அவருக்கு ஒரே குஷி.

“ரயில் வந்தாப்பிறகுதான் அண்ணை கொலிஜ் வந்தது. ஆற்றுக்கு வடக்கால முந்தி முழுக்கச் சோளத் தோட்டம்.”

அவர் அந்த ஊரில் காலடி வைத்ததே இல்லை. எனக்கோ ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுகூடத் தெரியாது. வயிறு எரிகிறது. வரைபடத்தில் தப்புத் தேடுகிறேன். பழைய ரயில் நிலையத்தின் மேல் விரலை வைத்து, “இதை இடிச்சு ரொம்ப நாளாச்சே,” என்று அடித்துவிடுகிறேன்.

“இல்லையே அண்ணை. இப்ப அது லைப்ரரி. பிள்ளை நேற்றும் அதின்ர படியில இருந்துதான் கதைச்சவ.”