அப்ரின் எழுதிய விளையாட்டு

கள்ளக்குறிச்சியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சுஐப்பின் மனைவி அப்ரின் கம்ப்யூட்டர் கேம் செய்கிறாள் என்ற செய்தி கடைத்தெருவில் பரவியபோது, கார் ஓட்டுவதும் துப்பாக்கி சுடுவதுமான ஏதோ ஒன்று என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். எதிர்க்கடை வளையல்காரர் தங்கதுரை ஆசையாகத் தன் போனில் ஏற்றிப் பார்த்தார். கொஞ்ச நேரத்திலேயே அவருக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

"இன்னாம்மா இது, கேமா, தமிழ்ப் பரீட்சையா? ஒரே எழுத்தா இருக்குது" என்றார்.

அப்ரின் சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு சரி.

ஆனால் மனுஷர் சொன்னதில் பொய் இல்லை. ஓட்டுநர் இல்லாத ஒரு பஸ்ஸில் ஒரு பெண் ஏறுகிறாள். அது அவளை ஓர் ஊரில் இறக்கிவிடுகிறது. அந்த ஊரில் யாருக்கும் நிழல் கிடையாது. எல்லார் நிழலும் ஒரே அடகுக்கடையில் மடித்து அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. இறங்கிய கணமே அவள் நிழலும் அங்கே போய்விடுகிறது. அதை அவள் மீட்க வேண்டும். வழியில் ஒரு கிணறு வரும். அதனிடம் எதைக் கேட்டாலும் பதிலுக்குக் கேள்விதான் கேட்கும். ஓர் ஆபீஸ் வரும். அங்கே நீ இருக்கிறாய் என்பதை நீயே நிரூபிக்க வேண்டும், ஒரு மாடு நாற்காலியில் உட்கார்ந்து சாட்சி சொல்லும். படம் கொஞ்சம்தான், அவளே கறுப்பு வெள்ளையில் வரைந்தது. மற்றதெல்லாம் எழுத்து. படித்துவிட்டுக் கீழே இருக்கும் பதில்களில் ஒன்றைத் தொட்டால் கதை நகரும்.

இதில் அவளுக்குக் கர்வம் தந்த ஒரு வேலைப்பாடு உண்டு. ஒவ்வொரு கேள்வி வந்ததும் மேலே ஒரு கோடு ஊதுவத்தி போல எரிந்து குறைந்துகொண்டே வரும். அது அணைவதற்குள் பதிலைத் தொடாவிட்டால், விளையாட்டே ஒரு பதிலை எடுத்துக்கொண்டு போய்விடும். முடிவெடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான் என்பது அப்ரின் கண்ட தத்துவம். கடை மாடியில், பாத்திரங்கள் குவித்த குடோனில், மதிய லுஹர் தொழுகை முடிந்து கடை மந்தமாக இருக்கும் நேரங்களில் மூன்று வருஷம் உட்கார்ந்து இதையெல்லாம் செய்தாள். தமிழ் இலக்கியம் படித்தவள். கம்ப்யூட்டர் வேலையை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

சுஐப் கெட்டவன் இல்லை. வியாபாரி, அவ்வளவுதான். யாரும் வாங்காத சரக்கை எதற்கு அடுக்கி வைக்க வேண்டும் என்பது அவன் கேள்வி. உளுந்தூர்பேட்டையில் இரண்டாவது கடை திறக்க இடம் பார்த்துவிட்டான். அதை அப்ரின் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விரும்பினான். தினமும் பஸ்ஸில் போய் வந்தால் எழுத்து எங்கே, விளையாட்டு எங்கே? சண்டை முற்றியபோது அவளே ரோஷத்தில் வாயை விட்டாள்.

"ஆடி கடைசி ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரே ஒருத்தராவது கேமக் கடைசி வரைக்கும் ஆடி முடிச்சா எனக்கு மாடி வேணும். இல்லன்னா நான் உளுந்தூர்பேட்டைக்குப் போறேன், போதுமா?"

"போதும்" என்றான் சுஐப்.

யார் எதுவரை ஆடினார்கள் என்பது நெட் வழியாக அவளுக்குத் தெரிந்துவிடும். அது தெரியாமல் இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். சென்னையிலிருந்து ஆடியவர்கள் பஸ்ஸை விட்டே இறங்கவில்லை. சிலர் கிணறு வரை வந்து கழன்றுகொண்டார்கள். அடகுக்கடை வாசலை ஒருவரும் மிதிக்கவில்லை. ஆடி பிறந்தது, தள்ளுபடி பேனர் கட்டியாகிவிட்டது, அவள் மட்டும் போனையே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தள்ளுபடி நெரிசலில்தான் மீனா வந்தாள். காலேஜில் அப்ரினோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில், புருஷன் கரியனோடு சாமையும் மரவள்ளியும் பயிர் செய்கிறாள். ரம்ஜானுக்குப் பிரியாணி சாப்பிட வந்தபோது அவள் போனிலும் விளையாட்டை ஏற்றிவிட்டிருந்தாள் அப்ரின். கோயில் திருவிழாவுக்கு அண்டா வாங்க வந்தவள், அண்டாவை விட்டுவிட்டு அப்ரினைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, உன் கேம்ல எங்களப் பேசவே வுட மாட்டியா?"

"எங்களன்னா யாரு? நீதானே ஆடற?"

"நான் ஏன் தனியா ஆடணும்? எங்க தெருவே ஆடிக்கினு இருக்குது. நாலஞ்சு வாட்டி மொதல்லேர்ந்து ஆரம்பிச்சாச்சு. அந்தக் கெணத்தத் தாண்ட முடியல. பேசி முடிக்கறதுக்குள்ள அதுவே ஒரு பதில எடுத்துக்கினு ஓடுது!"

அப்ரினுக்கு அப்போதுதான் புரிந்தது. மீனாவின் ஊரில் சிக்னல் கிடையாது. அங்கே யார் ஆடினாலும் இங்கே தெரியாது. கெடுவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை, சுஐப்பின் முணுமுணுப்பைக் காதில் வாங்காமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள்.

மீனா வீட்டு வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். மீனா போனைப் பார்த்து உரக்கப் படித்தாள். கிணறு கேட்டது: "உன்னைத் தெரிந்த எல்லாரும் உன்னை மறந்துவிட்டால், மிச்சம் இருப்பது யார்?"

பக்கத்து வீட்டு ராணியம்மாள் முந்திக்கொண்டாள். "மறந்தா இன்னா? நான் நட்ட பலா மரம் இருக்குமில்ல? அது பாட்டுக்குக் காய்ச்சிக்கினு இருக்கும்."

"மரம் உன் பேரச் சொல்லுமா?" என்றான் கரியன்.

"பேர எதுக்குச் சொல்லணும்? பழத்தக் குடுத்தா பத்தாதா?"

ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் பலா மரத்தின் பக்கம், ஒருவர் கரியன் பக்கம். நடுவில் கோடு அணைந்தது. 'யாரும் இல்லை' என்ற பதிலைத் தானே எடுத்துக்கொண்டு விளையாட்டு அடுத்த இடத்துக்குப் போனது.

"யாரக் கேட்டு இது முடிவு பண்ணுச்சு?" என்று கரியன் எழுந்தேவிட்டான்.

"மொதல்லேர்ந்து போடு" என்றார்கள் எல்லாரும்.

அந்த ஊரில் பொது விஷயம் எதுவானாலும் அப்படித்தான் என்று மீனா விளக்கினாள். திருவிழாவுக்கு நாள் குறிப்பதோ, வாய்க்கால் வெட்டுவதோ, ஒருத்தர் மனசு ஒப்பாவிட்டாலும் மறுபடி உட்கார்ந்து பேசுவார்கள். தாங்கள் எடுக்காத முடிவோடு ஓர் அடி நகர மாட்டார்கள். ராணியம்மாள் அப்ரினை நேராகவே கேட்டாள்.

"மாட்ட விக்கறதுக்கே ரெண்டு நாளு பேசுவோம். நான் யாருன்னு கேட்டுட்டு ஒரு நிமிசம் குடுத்தா எப்டிம்மா?"

அப்ரினுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கமாக இருந்தது. விளையாடுகிறவர் என்றதும் இருட்டு அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளைத்தான் இத்தனை வருஷம் நினைத்து வந்திருந்தாள். இப்படி வெற்றிலை போட்டுக்கொண்டு கும்பலாக வருவார்கள் என்று யார் கண்டது? அன்று விளக்கு வைப்பதற்குள் லேப்டாப்பைத் திறந்து அந்த ஊதுவத்திக் கோட்டை எடுத்துவிட்டு, விளையாட்டை மறுபடி மீனாவின் போனில் ஏற்றினாள். கர்வப்பட்டதைத் தன் கையால் அழிப்பது இவ்வளவு சுலபமாக இருந்தது அவளுக்கே ஆச்சரியம்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. களையெடுக்கப் போக முடியாது. விடிந்ததிலிருந்து ஆட்டம் நடந்தது. பேசிப் பேசிக் கிணற்றைத் தாண்டினார்கள். ஆபீஸில் மாட்டின் சாட்சியை ஏற்றுக்கொள்ளலாம் என்று ஏகமனதாக முடிவானது. மாடு பொய் சொல்லாதாம். மத்தியானம் தாண்டி அடகுக்கடைக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள். அடகுக்கடைக்காரர் கடைசிக் கேள்வியைக் கேட்டார்: "நிழலை மீட்டால், இந்த ஊரில் நீ கண்டது, கேட்டது எதுவும் உனக்கு நினைவிருக்காது. மீட்கிறாயா, நிழல் இல்லாமலே இருந்துவிடுகிறாயா?"

கரியன் சுற்றிப் பார்த்தான். "ராணியம்மா எங்க?"

ஆபீஸைத் தாண்டியதுமே ராணியம்மாள் மகளைப் பார்க்க மத்தியான பஸ்ஸில் கச்சிராயபாளையம் போயிருந்தாள். நாளைக்குத்தான் வருவாள்.

"அப்ப நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று கரியன் துண்டை உதறித் தோளில் போட்டான். கூட்டமும் தலையாட்டியது. ஊரில் கால்வாசிப் பேச்சு ராணியம்மாளுடையது. அவள் இல்லாமல் கடைசி முடிவு எடுப்பதா?

அப்ரின் தவித்துப்போனாள். ஒரே ஒரு தொடுதல். போன் மீனாவின் மடியில் இருந்தது. 'இன்னிக்குத்தான் எனக்குக் கெடு' என்று ஒரு வார்த்தை சொன்னால் மீனா தொட்டுவிடுவாள். வாய் வரைக்கும் வந்தது. ராணியம்மாள் வந்து, "யாரக் கேட்டு?" என்று கேட்டால் தன்னிடம் என்ன பதில் இருக்கிறது? சொல்லாமலே கடைசி பஸ்ஸைப் பிடித்தாள்.

வீட்டில் சோறு போட்டுக்கொண்டே சுஐப்பிடம் நடந்ததைச் சொன்னாள்.

"கடசி வரைக்கும் போனாங்க. முடிக்கல."

"சரி" என்றான். ஜெயித்த முகம் இல்லை. "ஆவணி மொத வாரம் கடை தொறந்துடலாம்."

"ஏங்க, நான் வரல. அந்தக் கெடு நான் கோவத்துல வெச்சது. அத எடுத்துட்டேன். அந்தக் கடைக்கு ஆள் போட்டுக்கலாம். நான் எழுதணும்."

"பேச்சு மாறலாமா அப்ரின்?"

"மாறிட்டேன். திட்டுங்க."

அவன் திட்டவில்லை. குழம்பில் உப்பு கம்மி என்றான். உப்பு சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் மத்தியானம் கடையில் கூட்டம். அப்ரின் பில் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி மீனா கூப்பிடுகிறாள். பின்னால் காற்றும் பத்துப் பேர் சத்தமும். மீனா பேசுவதற்குள் ராணியம்மாள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மீட்டுட்டோம்மா! அந்தப் பொண்ணு நெழலோட ஊரு போய்ச் சேந்துட்டா."

"ஆனா... அவளுக்கு எல்லாம் மறந்து போயிருக்குமே" என்றாள் அப்ரின். அந்தக் கடைசிப் பக்கத்தை எழுதும்போது அவள் அழுதிருந்தாள். எந்தப் பதிலை எடுத்தாலும் அந்தப் பெண் எதையோ இழந்துதான் தீர வேண்டும் என்றே எழுதியிருந்தாள்.

"கரியனும் அதத்தான் சொல்லி பயந்தான்" என்றாள் ராணியம்மாள். "மறந்தா இன்னா? இத்தினி பேரு கூடவே பாத்துக்கினு வந்தோமில்ல? அவ மறந்தா நாங்க எடுத்துச் சொல்ல மாட்டமா?"

அப்ரினுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. குக்கருக்கு விலை கேட்ட பெண்மணி பயந்து விலகி நின்றாள். சுஐப் கையில் இருந்த குடத்தை வைத்துவிட்டு வந்தான்.

"இன்னாச்சு? யாருக்கு இன்னா?"

"முடிச்சிட்டாங்க."

"யாரு?"

"எல்லாரும்."

சுஐப் பில் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "மாடிக்குப் போ, இத நான் பாத்துக்கறேன்" என்றான்.