அத்தை சுற்றிய மூன்று சுற்று

எங்கள் தெருக்கோடி அம்மன் கோயில் சின்னது. சுற்றிவரப் பிரகாரம் கிடையாது. அதனால் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் நின்ற இடத்திலேயே தங்களைத் தாங்களே மூன்று தடவை சுற்றிக்கொண்டு கும்பிடுவார்கள்.

எனக்கு எட்டு வயதிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை என் அத்தை அப்படிச் சுற்றும்போது நிற்க முடியாமல் ஆடினாள். அத்தை என்றால் அப்பாவின் மூத்த அக்கா, அறுபத்தைந்து தாண்டியவள். சாமி வந்துவிட்டது என்று பெண்கள் கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரி அத்தையின் காலிலேயே விழுந்து, "தாயே, என் பொண்ணுக்கு எப்ப கல்யாணம் ஆவும்?" என்று கேட்டாள்.

"ஏய், எனக்குத் தல சுத்துதுடி. தூணு எங்க?" என்றாள் அத்தை.

"மாப்பிள்ள தூணாட்டம் இருப்பானாம், ஆத்தா சொல்றா," என்று இன்னொருத்தி விளக்கம் சொன்னாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று எனக்கு மட்டும் இரண்டு கை பொங்கல் கிடைத்தது.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. வீட்டுத் தறிக்குழியில் கால்விட்டு உட்கார்ந்து நெய்தபடியே சொன்னார்: "இனிமே கோயிலு வாணாம்க்கா. விழுந்து இடுப்ப ஒடச்சுக்கினா யாரு பாக்கறது? தார் சுத்திக்கினு வூட்லயே குந்து." தார் சுற்றுவது குழலில் நூல் சுற்றுகிற வேலை. உட்கார்ந்த இடத்தை விட்டு எழ வேண்டாம்.

"அடுத்த வெள்ளிக்கிழம சுத்திட்டு நின்னு காட்டறன்டா. விழுந்தா நீ சொன்னபடி குந்திக்கிறேன்," என்றாள் அத்தை.

அந்த வாரம் முழுக்கக் கிணற்றடியில் பழகினாள். கொஞ்சம் திரும்புவாள், நிற்பாள், எதிரே எதையாவது முறைத்துப் பார்ப்பாள், மறுபடி திரும்புவாள். ஒருநாள் துவைக்கிற கல்லில் சரிந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். அப்பாவிடம் சொல்லாதே என்று கண்ணாலேயே என்னை மிரட்டினாள். சாமி வருவதற்குத்தான் பழகுகிறாள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை கோயிலில் கற்பூரத் தட்டோடு கூட்டம். அப்பாவும் தறியை விட்டு வந்து ஓரமாக நின்றார். அத்தை விளக்கைப் பார்த்து நின்றாள், திரும்பினாள். வாசலைப் பார்த்து நின்றாள், திரும்பினாள். கடைசிச் சுற்றில் கால் தடுமாறியது. எதிர்வீட்டுக்காரி தீப்பெட்டியை எடுத்தாள்.

"உள்ள வைடி," என்றாள் அத்தை, விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல். சுற்றி முடித்து நேராக நின்றாள்.

அப்பா தறிக்குத் திரும்பிவிட்டார். கூட்டத்துக்கு ஏமாற்றம். எனக்கும்தான்.

வீடு திரும்பும்போது இருட்டிவிட்டது. தெருவில் விளக்கு எரியவில்லை. அத்தை என் தோளில் ஒரு விரலை வைத்துக்கொண்டாள். கனமே இல்லை.

"சாமிய வரவுட்டிருக்கலாமே அத்த," என்றேன்.

"பேசாம நேரா நடமா," என்றாள்.

இப்போது நான் அவளுடைய அந்த வயதைத் தாண்டிவிட்டேன். நம்மை நேராக நிறுத்துகிற ஒன்று காதுக்குள்ளே இருக்கிறதாம். வயதானால் அது தளர்ந்துபோகும், இருட்டில் தடுமாற்றம் கூடும் என்று டாக்டர் சொன்னார். அவர் சொல்லிக்கொடுத்த பயிற்சியை விடாமல் செய்கிறேன். எட்டு வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? நான் இருட்டில் பயப்படுவேன் என்றுதான் அத்தை தொட்டுக்கொண்டு வருகிறாள் என்று நினைத்து, தைரியமாக நடந்தேன்.